லாரி ஸ்டிரைக்கில் வைத்த ரசம்

வெங்கடலட்சுமிக்குத் தொடை எலும்பு முறிந்தது ஒரு வியாழக்கிழமை காலையில். வாரத்துக்கு இரண்டு நாள்தான் சிறுவாணித் தண்ணீர் வரும். வந்த அன்று கணபதிப் பகுதியில் அவர்கள் குடியிருந்த லைன் வீடுகள் ஆறிலும் இருக்கிற குடம், பக்கெட், அண்டா எல்லாம் குழாயடிக்கு வந்துவிடும். மூன்றாவது குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தவளுக்குப் பாசியில் கால் வழுக்கியது. குடமும் அவளுமாக விழுந்தார்கள். குடத்தில் ஒரு நெளிவுகூட இல்லை. அவளால்தான் எழுந்திருக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்து, பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். "ஆறு வாரத்துக்கு இந்தக் கால் தரையில படவே கூடாது. நல்லா சாப்பிடணும். சாப்பிட்டாத்தான் எலும்பு கூடும்" என்றார் டாக்டர்.

வீட்டில் கணவர் ராமுலுவும் அவளும் மட்டும்தான். ஒரே பெண் மானசாவைக் கிணத்துக்கடவில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குத்தான் வரவேண்டும். "அவளுக்கு நாள் வர்றதுக்குள்ள எங்காலு கூடிருமாங்க?" என்று வெங்கடலட்சுமி ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வரும்போதே கணவரிடம் கேட்டாள். ராமுலுவுக்கு என்ன தெரியும்? பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற வேலை அவருக்கு. மோட்டார் புகைந்து போனால் எத்தனை நாளில் சரியாகும் என்று சொல்வார். "கூடிரும் அம்மணி" என்று மட்டும் சொன்னார்.

முன் அறையில் கட்டிலைப் போட்டுக் கொடுத்தார். அதற்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு துணித்திரைதான். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் திரைக்கு உள்பக்கம் நின்றவள், இப்போது வெளிப்பக்கம் படுத்துக்கொண்டு பார்த்தாள். அடுப்பு மேடை காலியாகக் கிடந்தது. ராமுலு காலையில் ஒர்க்‌ஷாப் பக்கத்து மெஸ்ஸில் இட்லி வாங்கி வைத்துவிட்டுப் போவார். மதியம் ஓடிவந்து மெஸ் சாப்பாட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடுவார்.

வெங்கடலட்சுமியின் கைச்சமையலுக்கு அந்த லைன் வீடுகளில் ஒரு பேர் உண்டு. கறிவேப்பிலையைக் கிள்ளி முகர்ந்து பார்க்காமல் வாங்கமாட்டாள். இஞ்சியை ஒடித்தால் 'டக்' என்று சத்தம் வரவேண்டும். கொத்துமல்லிக்கட்டில் தண்டு பருப்புக்கு, இலை ரசத்துக்கு என்று தனித்தனியாகப் பிரிப்பாள். சாயங்காலம் வாடிப்போன கட்டைக் குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்பாள். பக்கத்து வீட்டு தாஜுன்னிசா மொட்டைமாடி நிழலில் வேட்டியை விரித்துப் புதினாவும் கறிவேப்பிலையும் உலர்த்துவதைப் பார்த்துவிட்டு, "செத்துப்போன தழைய எதுக்கு அம்மணி மூட்டை கட்டறே?" என்று ஒருமுறை எல்லார் முன்னிலையிலும் கேட்டிருக்கிறாள். தாஜுன்னிசா சிரித்துக்கொண்டே இலைகளைத் திருப்பிப் போட்டாள். அவள் கணவர் அமீர் ஹம்சா நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர். அவருக்காகத்தான் அந்த மூட்டை.

இப்படிப்பட்டவளுக்கு மெஸ் சாப்பாடு இறங்கவில்லை. நாலு வாய்க்கு மேல் தலையைத் திருப்பிக்கொண்டாள். "வாய் கசக்குதுங்க" என்றாள். அது பாதிதான் உண்மை.

மீதிப் பாதியை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கால் தரையில் படக்கூடாது என்றால், எல்லாமே படுக்கையில்தான். பாத்திரத்தை வைப்பதும், எடுத்துக்கொண்டு போய்க் கழுவுவதும், அவளைத் துடைத்துவிடுவதும் ராமுலுதான். கல்யாணமான நாளிலிருந்து தன் எச்சில் தட்டைக்கூடக் கணவர் எடுக்க விட்டவளில்லை அவள். அவர் மூக்கைச் சுளிக்காமல், ஒரு வார்த்தை பேசாமல், பாத்திரத்தைத் துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு போவார். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உயிரே போய்விடும்போல இருக்கும். குறைவாகச் சாப்பிட்டால் அந்த வேலை குறையும். தண்ணீரையும் குறைத்தாள்.

மூன்றாம் வாரம் டாக்டர் பார்த்துவிட்டு ராமுலுவைத்தான் திட்டினார். "என்னங்க இது, பாதி ஆளாப் போயிட்டாங்க? இப்படி இருந்தா எலும்பு எப்படிக் கூடும்?" ராமுலு தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அந்த வாரம்தான் லாரி ஸ்டிரைக் தொடங்கியது.

முதல் இரண்டு நாள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் காய்கறிக் கடையில் பூசணிக்காயும் வாழைப்பூவும்தான் கிடந்தன. கொத்துமல்லி, புதினா, இஞ்சி, பச்சைமிளகாய் எதுவும் இல்லை. தக்காளியை நகைபோல எடுத்து உள்ளே வைத்திருந்தார்கள். லைன் வீட்டுக் கோடியில் நின்ற ஒற்றைக் கறிவேப்பிலை மரத்தை ஆளாளுக்கு ஒடித்து, நாலாம் நாள் அது வெறும் குச்சியாக நின்றது. சிலிண்டரும் வரவில்லை, காயும் வரவில்லை என்று மெஸ்காரரும் கடையை மூடிவிட்டார். செம்புக் கம்பி வராததால் ஒர்க்‌ஷாப்பில் மதியத்தோடு அனுப்பிவிட்டார்கள்.

ராமுலு திரையை விலக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். வெங்கடலட்சுமிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்னுங்க பண்றீங்க?"

"ரசம் வெக்கறேன்."

"உங்களுக்கு என்ன தெரியும்? சும்மா இருங்க. பொரியும் பாலும் இருந்தா போதும் எனக்கு."

"நீ படு அம்மணி. தெரியாதத நீ சொல்லு, நான் செய்யறேன்."

அவள் சொல்லவில்லை. வீம்பு. மனுஷன் அடுப்பங்கரைக்கு வருகிற அளவுக்குத் தான் ஆகிவிட்டோமே என்கிற கோபம், அவர்மேல் இல்லை, தன்மேலேயே. கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் காதையும் மூக்கையும் மூட முடியவில்லை. ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிக்கிற சத்தம் கேட்டது. டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். உரலில் எதையோ இடித்தார். சுக்கு என்று வாசனை சொன்னது. நிறைய இடிக்கிறார் என்றும் சொன்னது. பிறகு எண்ணெய் காய்ந்தது, புகைந்தது. 'சுர்' என்றுகூட இல்லை, ஒரு நொடியில் கறிவேப்பிலை கருகுகிற நாற்றம் திரையைத் தாண்டி வந்தது.

ரசத்தை டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தார். முகத்தில் ஒரு ஆர்வம். அவள் ஒரு வாய் குடித்தாள். தொண்டையிலிருந்து காது வரைக்கும் எரிந்தது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ராமுலு தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"நீ இஞ்சி ஒரு விரல் அளவு தட்டிப் போடுவியே, பாத்திருக்கறேன். இஞ்சி இல்லியேன்னு சுக்கு ஒரு விரல் அளவு போட்டேன். கூடையில ஒரு கறிவேப்பிலைக் கொத்து காஞ்சு கெடந்துச்சு, அதையும் போட்டேன்" என்றார், தப்புச் செய்த குழந்தை மாதிரி.

அப்போது வாசலில் குரல் கேட்டது. "ஏனுங்ண்ணா, உள்ள வரலாமுங்களா? ஏதோ கருகற வாசம் எங்க ஊடு வரைக்கும் வருதுங்க."

அமீர் ஹம்சா. ஸ்டிரைக் என்பதால் லாரியை சிங்காநல்லூரில் ஒரு ஷெட்டில் நிறுத்திவிட்டு வீட்டில் சும்மா இருந்தார். தாஜுன்னிசா தன் தங்கையின் பிரசவத்துக்காகப் பாலக்காடு போயிருந்தாள். அவர் வீட்டிலும் பெண்துணை இல்லை. ஆனால் மூன்று நாளாக அந்த வீட்டிலிருந்து தாளிக்கிற வாசனை வந்துகொண்டுதான் இருந்தது.

ராமுலு நடந்ததைச் சொன்னார். அமீர் ஹம்சா ரசத்தை ஒரு சொட்டு கையில் விட்டு நக்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "சித்த இருங்க, இதோ வாரேன்" என்று போனவர், ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு திரும்பி வந்தார். லாரியில் அவரோடு போகிற டின் அது. உள்ளே சின்னச் சின்னத் துணி முடிச்சுகள். உலர்ந்த கறிவேப்பிலை, உலர்ந்த புதினா, சுக்குப்பொடி, வெங்காய வடகம், மாங்காய் வத்தல், கொப்பரைத் துண்டு.

"அக்கா, நீங்க படுத்துக்கிட்டே கேளுங்க. தப்பா செஞ்சா சத்தம் போடுங்க" என்றார் திரைக்கு அந்தப் பக்கம் போகுமுன். வெங்கடலட்சுமி அந்தத் துணி முடிச்சுகளைப் பார்த்ததும் மொட்டைமாடி ஞாபகம் வந்து முகம் சுருங்கிப்போயிருந்தாள்.

உள்ளே இரண்டு ஆண்களும் பேசிக்கொண்டார்கள்.

"அண்ணா, இஞ்சி ஒரு விரல் போடற எடத்துல சுக்கு ஒரு நகத்தளவு போதுமுங்க. தண்ணி போயி சின்னதாயிருச்சு, காரம் போகலீங்க. அது பூரா உள்ளயே இருக்குது. தழைகளும் அப்புடித்தான். பச்சையில மூணு பங்குன்னா காஞ்சதுல ஒரு பங்கு."

"அதாவது கம்பி கேஜ், அதான் தடிமன், மாத்துனா சுத்துக் கணக்கும் மாத்தோணும். அதே சுத்து சுத்துனா மோட்டார் எரிஞ்சு போகும்."

"அதேதானுங்க! எனக்கு இது தோணாமப் போச்சு பாருங்க."

"கறிவேப்பிலை ஏன் கருகுச்சு?"

"பச்ச இலைய எண்ணெயில போட்டா படபடன்னு பொரியுதுங்களே, அது இலையில இருக்கற தண்ணி. காஞ்சதுல தண்ணி ஏது? போட்ட ஒடனே கரிதான். இத உள்ளங்கையில வெச்சுக் கசக்கி, ரசம் நொர கட்டறப்ப தூவி மூடி வெச்சிருங்க. காஞ்ச சாமானுக்கு மொதல்ல தண்ணி காட்டோணுமுங்க. எண்ணெய் அப்புறம்."

"கொத்துமல்லிக்கு?"

"அது மட்டும் நடக்காதுங்க. மல்லித்தழையக் காயவெச்சா வெறும் வைக்கோலாட்ட ஆயிரும். நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன். அதுக்குப் பதிலு மல்லி வெதைய லேசா வறுத்து, ஒண்ணு ரெண்டாத் தட்டிக் கடைசியில போடுங்க. அந்த வாசம் வராது. இது வேற வாசம். ஆனா நல்லாருக்கும்."

வெங்கடலட்சுமி படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் சொல்வதில் எங்காவது தப்பு இருக்கும், பிடித்துவிடலாம் என்றுதான் முதலில் கேட்டாள். தப்பு இல்லை. இல்லாததை இருக்கிறது என்று சொல்லவும் இல்லை அந்த மனுஷன். தக்காளி இல்லாததால் புளியோடு மாங்காய் வத்தல் ஒன்றை வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்து ஊற்றினார்கள். வடகம் எண்ணெயில் பொரிந்தபோது வெங்காயமும் கடுகும் வெந்தயமும் சேர்ந்த வாசனை வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் திறந்தார்கள். அவள் வாயில் தண்ணீர் ஊறியது. விழுந்த நாளிலிருந்து அவளுக்கு அப்படி ஊறியதில்லை.

ராமுலு டம்ளரை நீட்டினார். அவள் மெதுவாகக் குடித்தாள். அவளுடைய ரசம் இல்லை இது. கொஞ்சம் கனமாக, ஆழமாக, மழை நாளில் குடிக்கிற மாதிரி இருந்தது. டம்ளர் காலியானது.

"ஒணத்தியா இருக்குதுங்க" என்றாள். நன்றாக ருசியாக இருந்தால் மட்டுமே அவள் வாயில் வரும் சொல் அது. திரைக்குப் பக்கத்தில் நின்ற அமீர் ஹம்சாவைப் பார்த்து, "எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள்.

"நான் கத்துக்கலீங்க்கா. தாஜு கத்துக்கொடுத்தா. கல்யாணமான புதுசுல கௌஹாத்தி டிரிப் போவேன். இங்க வாங்கிட்டுப் போற தழையெல்லாம் விஜயவாடா தாண்டறதுக்குள்ள அழுகிப் போகும். வழியில கெடைக்கறதத் தின்னு வயித்துவலியோட வருவேன். அவதான் எது நெழல்ல காயோணும், எது வெயில்ல காயோணும், எத எவ்வளவு போடோணும்னு ஒவ்வொண்ணா செஞ்சு பாத்து, முடிஞ்சு முடிஞ்சு குடுத்தா. எனக்கு வயித்துவலி போயி பதினஞ்சு வருசமாச்சுங்க."

வெங்கடலட்சுமி கூரையைப் பார்த்தாள். ஒரு பெண் தன் புருஷன் வயிற்றுக்காக வருஷக்கணக்கில் செய்து பார்த்துக் கண்டுபிடித்ததையா செத்த தழை என்று சொன்னோம் என்று இருந்தது.

அடுத்த நாளிலிருந்து ராமுலு தானே சமைத்தார். அமீர் ஹம்சா டின்னை இங்கேயே விட்டுவிட்டு, நடுநடுவே வந்து எட்டிப் பார்த்தார். ஒரு நாள் அரிசிம்பருப்புச் சோறு. பச்சைத் தேங்காய்க்குப் பதில் கொப்பரையைத் துருவிப் போட்டார். ஒரு நாள் கொள்ளு ரசம். ஒரு நாள் புதினா சோறு. உலர்ந்த புதினாவை வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டாமல் அரிசியில் சேர்த்தார். உப்பு ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். சோறு ஒரு நாள் குழையும். ஆனால் ருசி இருந்தது.

அவள் முதல் டம்ளரை ஆசையாகக் குடிப்பாள். முதல் நாலு வாய் சோற்றை ஆசையாக உண்பாள். அப்புறம் கை தானாக நின்றுவிடும். தண்ணீர் சொம்பைத் தள்ளி வைத்துவிடுவாள்.

ராமுலு முதலில் தன் சமையல்தான் காரணம் என்று நினைத்தார். காரத்தைக் குறைத்தார். புளிப்பை மாற்றினார். அமீர் ஹம்சாவிடம் போய், "பாய், எங்கியோ தப்பு பண்றேன். அவ அர வயிறோட நிறுத்திர்றா" என்றார். அமீர் ஹம்சா சட்டியிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தின்றுவிட்டு, "இதுல தப்பு ஒண்ணுமில்லீங்ண்ணா. வேற எங்கியோ இருக்குது. அக்காவையே கேளுங்க" என்றார்.

அன்று மத்தியானம் ராமுலு சோற்றுத் தட்டோடு வந்து, நாற்காலியில் உட்காராமல் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வெங்கடலட்சுமி நாலு வாயோடு நிறுத்தினாள்.

"அம்மணி, ஒண்ணு கேட்டா மறைக்காமச் சொல்லோணும். சோறு நல்லாருக்குதா இல்லியா?"

"நல்லாருக்குதுங்க."

"பசி இருக்குதா இல்லியா?"

அவள் தட்டிலிருந்த சோற்றை விரலால் ஒதுக்கினாள்.

"ஒதடு வெடிச்சுக் கெடக்குது. தண்ணியக்கூடக் குடிக்கறதில்ல. நான் கம்பி சுத்தறவன், எனக்கு மெதுவாத்தான் புரியும். பாத்திரம் எடுக்க வேண்டியிருக்குதேன்னுதான பட்டினி கெடக்கறே?"

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

ராமுலு தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: "மானசா பொறந்த ரெண்டாம் மாசம் எனக்கு மஞ்சக்காமாலை வந்துச்சு. கைக்குழந்தைய ஒரு தோள்ல போட்டுக்கிட்டு எனக்கு எல்லாம் பண்ணுனே. நான் எடுத்த வாந்தி பூராத்தையும் நீதான் அள்ளுனே. அப்ப நான் வேண்டாம்னு சொன்னனா? ஜம்முனு படுத்துக்கிட்டு, இன்னும் கொஞ்சம் மோர் குடுன்னு கேட்டேன்."

"அது வேறைங்க."

"என்ன வேற?"

"நீங்க ஆம்பளை."

"வயிறு வலிக்கறப்ப ஆம்பளை பொம்பளைன்னு பாத்தா வலிக்குது?"

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாக மூக்கை உறிஞ்சினாள்.

"நீ நல்லாச் சாப்பிட்டு, நான் பாத்திரத்த நாலு தடவை எடுத்தேன்னு வெச்சுக்க, எனக்கு அன்னைக்கு நிம்மதி. வெறும் பாத்திரத்த எடுத்துட்டுப் போற அன்னைக்குத்தான் எனக்கு பயமா இருக்குது. டாக்டரு சொன்னது இன்னும் காதுலயே நிக்குது."

இத்தனை வருஷத்தில் அவர் பயப்படுகிறேன் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. புகைந்த மோட்டாரானாலும் கடன்காரரானாலும் 'பாத்துக்கலாம்' என்கிற மனுஷன். அவள் கையை நீட்டி அவர் தலையில் வைத்தாள். எண்ணெய் காணாத முடி. சமையல் புகை வாசனை அடித்தது அதில்.

"இன்னொரு கரண்டி போடுங்க" என்றாள். "ரசமும் ஊத்துங்க. தண்ணிச் சொம்பை இப்படி வெய்யுங்க."

அன்று அவள் தட்டு காலியாவதை ராமுலு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஸ்டிரைக் முடிந்ததும் அமீர் ஹம்சாவுக்கு லோடு வந்துவிட்டது. ராமுலு டின்னைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "புதினாவும் கறிவேப்பிலையும் பாதி எடுத்து வெச்சுக்குங்க. எனக்கு இந்த டிரிப்புக்கு இது தாராளம்" என்று பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். கடைகளில் கொத்துமல்லி மறுபடி குவிந்தது. ஆனாலும் ராமுலு வேலை முடிந்து வருகிற நேரத்துக்கு அது வாடித்தான் கிடக்கும். வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. அதனால் ஸ்டிரைக் முடிந்தும் அந்த வீட்டில் காய்ந்த சமையல்தான் நடந்தது. வெங்கடலட்சுமி இப்போது வீம்பு பிடிக்கவில்லை. படுத்தபடியே, "வாசம் வந்துருச்சு, எறக்குங்க" என்று குரல் கொடுப்பாள். அவர் இறக்குவார்.

தாஜுன்னிசா பாலக்காட்டிலிருந்து வந்த அன்று நேராக இங்கேதான் வந்தாள். "அக்கா, எங்க ஊட்டுக்காரரு போன்ல எல்லாம் சொன்னாருங்க. அண்ணன் என்னைவிட நல்லா வடகம் பொரிக்கறாராமே?"

வெங்கடலட்சுமி அவள் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தாள். "அம்மணி, உன்ற தழைதான் என்னைய சோறு உண்ண வெச்சுது. அன்னைக்கு மாடியில நான் சொன்னதெல்லாம் மனசுல வெச்சுக்காதே."

"என்ன சொன்னீங்க? எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லீங்க்கா" என்றாள் தாஜுன்னிசா. ஞாபகம் இருந்தது என்பது அவள் கண்ணிலேயே தெரிந்தது. அப்படி மறைத்ததற்காகவும் வெங்கடலட்சுமிக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அதைச் செய்யாமல், கறிவேப்பிலையைக் கழுவிவிட்டு உலர்த்துவதா, கழுவாமலா என்று கேட்டாள். அதிலேயே ஒரு மணி நேரம் போனது.

ஆறாம் வாரம் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, நல்லா கூடியிருக்கு. என்ன சாப்பிட்டீங்க?" என்றார். வெங்கடலட்சுமி கணவரைக் காட்டினாள். ராமுலு, "கொள்ளு, பருப்பு, ரசம்... அப்படித்தானுங்க" என்று இழுத்தார்.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை ஊன்றி மறு காலை நகர்த்தி, முதல் நாள் கட்டிலிலிருந்து வாசல்வரை, அடுத்த வாரம் வாசலிலிருந்து குழாயடிவரை என்று நடந்தாள். அமீர் ஹம்சா ஊருக்குத் திரும்பியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரையும் தாஜுன்னிசாவையும் சாப்பிடக் கூப்பிட்டாள். காலையிலேயே ராமுலுவை அனுப்பி, பனி காயாத கொத்துமல்லியும், முகர்ந்து பார்த்து வாங்கிய கறிவேப்பிலையும், ஒடித்துப் பார்த்த இஞ்சியும் வரவழைத்தாள். அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று அவளே எல்லாம் செய்தாள். எடுத்துக் கொடுக்க, இறக்கி வைக்க ராமுலு பக்கத்தில் நின்றார். ரசம் நுரை கட்டியபோது, கேட்காமலேயே அவர் கையை நீட்டி ஒரு சிட்டிகை சுக்குப்பொடி தூவினார். அவள் தடுக்கவில்லை.

இலையில் ரசத்தை ஊற்றிப் பிசைந்த அமீர் ஹம்சா, "அக்கா, ரோட்டுல எத்தனை வருசம் தின்னாலும் இந்தப் பச்ச வாசத்துக்கு ஏங்கித்தான் ஊட்டுக்கு வாரோம்" என்றார்.

"நீங்க வயிறு நெறைய உண்ணோணும். நீங்க ரெண்டு பேரும் இல்லீன்னா நான் இன்னும் கட்டில்லதான் கெடந்திருப்பேன்" என்றாள் வெங்கடலட்சுமி. சொல்லிவிட்டு தாஜுன்னிசாவின் இலையில் அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லச் சோற்றை வைத்தாள்.

வைகாசி கடைசியில் மானசா வந்து சேர்ந்தாள். அதற்குள் சமையல் மறுபடி வெங்கடலட்சுமி கைக்கு வந்துவிட்டதால், அப்பா சமைத்து அவள் பார்த்ததே இல்லை. ஆனி மாதம் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையும் தாயும் ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து நாளும் வெங்கடலட்சுமி கைத்தடியை ஊன்றிக்கொண்டு மகள் பக்கத்திலேயே இருந்தாள். குழந்தையைக் குளிப்பாட்ட, துணி மாற்ற, மடியில் வைத்துக்கொள்ள அவளால் முடிந்தது. வீட்டுச் சமையலை ராமுலு பார்த்துக்கொண்டார்.

பிள்ளை பெற்றவளுக்குச் செலவு ரசம் வைக்கவேண்டும். சுக்கு, மிளகு, திப்பிலி, மல்லி, சீரகம் என்று மளிகைக்கடையில் பிரசவத்துக்கென்றே சேர்த்துக் கட்டிக் கொடுப்பதுதான் 'செலவு'. பச்சையாக எதுவும் கிடையாது, எல்லாம் காய்ந்த சாமான். ராமுலு அதை வறுத்துப் பொடித்து, பூண்டு நசுக்கிப் போட்டு ரசம் வைத்து, டிபன் கேரியரில் கொண்டுவந்தார்.

மானசா முதல் வாய் சோற்றை உண்டுவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "ஏம்மா, நீ இங்கியேதான இருக்கறே, எப்ப ஊட்டுக்குப் போயி சமைச்சே?"

"நான் எங்க சமைச்சேன்? உங்கப்பா வெச்சது."

"பொய் சொல்லாதம்மா."

"கேட்டுப் பாரு கண்ணு. எனக்கு ரெண்டு மாசமா சோறு போட்டது அவருதான்" என்றாள் வெங்கடலட்சுமி. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கணவரை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு அம்மா இருந்திருந்தாக்கூட அப்படிப் பாத்திருக்க மாட்டா."

ராமுலு வெட்கப்பட்டு, எதையோ தேடுகிறவர் மாதிரி கேரியரின் அடுத்த அடுக்கைத் திறந்தார். பூண்டும் மிளகும் மணக்க ஆவி எழுந்தது. பக்கத்துக் கட்டிலில், பார்க்க யாரும் வராமல் காலையிலிருந்து பன்னைப் பாலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். வெங்கடலட்சுமி அந்தப் பெண்ணின் டம்ளரைக் கேட்டு வாங்கிக் கணவரிடம் நீட்டினாள். ராமுலு ரசத்தைக் கலக்கி அது நிறைய ஊற்றினார்.